பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்: சீனச் செதுக்கு வேலைச் சாமான்களின் வயது

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் என் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. மூன்றரை அடி நீளம், இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். முன்பக்கம் முழுக்கச் செதுக்கல்: பாய்மரப் படகு, வளைந்த பாலம், குடை பிடித்துப் போகும் ஆட்கள், மூலைக்கு மூலை மூங்கில். மூடியைத் தூக்கினால் குப்பென்று சூடமும் பழைய புடவையும் கலந்த வாசம் அடிக்கும். சின்ன வயதில் அந்த வாசத்துக்காகவே திறந்து திறந்து மூடி அடி வாங்கியிருக்கிறேன். பினாங்கில் வேலை பார்த்த பெரியப்பா, ரஜூலா கப்பலில் ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது. "சீன ராஜா அரண்மனைப் பெட்டி, இருநூறு வருசம் இருக்கும்" என்று குடும்பத்தில் எல்லோரும் ஒப்பிப்போம்.

இரண்டு வருடத்துக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பெட்டியை நகர்த்த வேண்டி வந்தது. கதவு சரிசெய்ய வந்திருந்த ஆசாரியும் ஒரு கை கொடுத்தார். நகர்த்தியதோடு நிற்காமல், கீழே பழைய பாயை விரித்து மெதுவாகக் கவிழ்த்தோம். அவர் குனிந்து செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், அடிப்பலகை ப்ளைவுட். காலை ஸ்டார் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கான்."

இருநூறு வருடம் அந்த ஒரு வரியில் போய்விட்டது. ஆனால் பெட்டியின் உண்மையான கதை அங்கேதான் தொடங்குகிறது.

செதுக்கல் நிறைய இருந்தால் பழசு என்று நம் கண் முடிவு கட்டிவிடும். தேரையும் கோயில் வாகனத்தையும் பார்த்து வளர்ந்த கண் அப்படித்தான் நினைக்கும். சீன மரச்சாமான்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் இது தலைகீழ். இன்று ஏலத்தில் கோடிகளுக்குப் போகும் மிங் அரச மரபுக் காலத்து (1368–1644) நாற்காலிகளைப் பார்த்தால் "இதிலென்ன இருக்கிறது?" என்று தோன்றும். நேர்க்கோடு, மெல்லிய வளைவு, முதுகுப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிறு செதுக்கல், அவ்வளவுதான். தனியார் கடல் வணிகத்துக்கு இருந்த தடையை மிங் அரசு 1567-இல் தளர்த்தியபின் தென்கிழக்காசியாவின் கடின மரங்கள் சீனாவின் தெற்குத் துறைமுகங்களில் வந்து இறங்கின. அந்த மரத்தின் ரேகையே அழகு என்று தச்சர்கள் விட்டுவைத்தார்கள்.

மிங்குக்கு அடுத்து வந்த சிங் மரபின் ஆட்சியில், முக்கியமாக 1736 முதல் 1795 வரை ஆண்ட சியான்லோங் பேரரசர் காலத்தில், ரசனை மாறியது. அலங்காரம் ஏறியது, சாமான்கள் கனத்தன. இன்னொரு பக்கம் குவாங்சௌ நகரம், பழைய பெயர் காண்டன். 1757 முதல் 1842 வரை மேற்கத்தியக் கப்பல்களுக்குத் திறந்திருந்த ஒரே சீனத் துறைமுகம் அது. அங்கே வெள்ளைக்காரர் கொடுத்த படத்தைப் பார்த்துச் செய்யும் பட்டறைகள் முளைத்தன. 1842 நான்ஜிங் உடன்படிக்கைக்குப் பிறகு ஷாங்காய், நிங்போ உட்பட ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன, ஹாங்காங் பிரிட்டன் கைக்குப் போனது. வாங்க வந்தவர்களுக்குச் 'சீனத்தனம்' கண்ணில் அடித்தாற்போல் தெரிய வேண்டும். அதற்காகவே டிராகனும் மூங்கிலும் கோபுரமும் ஓர் அங்குல இடம் விடாமல் ஏறின.

கற்பூர மரப் பெட்டிக்கும் இதே கதைதான். 19-ஆம் நூற்றாண்டில் படை அதிகாரிகளும் கப்பல் தலைவர்களும் வாங்கிப்போன பெட்டிகள் பெரும்பாலும் மொட்டையானவை. மூலைகளில் பித்தளைப் பட்டை, பக்கத்தில் கைப்பிடி, வேறு அலங்காரம் கிடையாது. காட்சி செதுக்கிய பெட்டிகள் 1920களிலிருந்து பெருகின. 1949-இல் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபிறகு ஷாங்காய்ப் பட்டறைக்காரர்கள் பலர் ஹாங்காங்குக்கு இடம்பெயர, அங்கே இந்தத் தொழில் சூடுபிடித்தது. ஆகவே ஒரே வீட்டில் மொட்டைப் பெட்டி ஒன்றும் சித்திரப் பெட்டி ஒன்றும் இருந்தால், நான் முதலில் மொட்டைப் பெட்டியைத்தான் பத்திரப்படுத்துவேன்.

சீனத் தச்சர்கள் தங்கள் வேலையில் பெயரோ ஆண்டோ பொறிப்பது மிக அரிது. பீங்கான் என்றால் அடியில் ஆட்சிக்கால முத்திரையாவது இருக்கும், அதிலும் போலி உண்டு என்பது வேறு விஷயம். மரச்சாமானில் அந்த உதவியும் இல்லை. ஆகவே வயது சொல்வதெல்லாம் தடயம் சேர்க்கும் வேலைதான். அதில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு விதி உண்டு. புதுசு என்று காட்டும் தடயம் உறுதியானது, பழசு என்று காட்டும் தடயம் நழுவக்கூடியது. அந்த ஸ்டார் ஸ்க்ரூவையே எடுத்துக்கொள்வோம். கூட்டல் குறி வெட்டிய தலையுள்ள திருகாணிக்கு அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்றது 1930களின் நடுவில். அது உலகெங்கும் பரவியது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. எனவே அந்தத் திருகாணி பெட்டி செய்த அன்றே போட்டது என்றால், பெட்டி 1930களுக்கு முந்தியதாக இருக்க வழியே இல்லை.

அன்றே போட்டதா, பின்னால் யாராவது பழுது பார்த்தபோது போட்டதா? அங்கேதான் நிதானம் வேண்டும். ஆசாரி ஒரு திருகாணியைக் கழற்றினார். துளை ஒன்றுதான், பக்கத்தில் அடைத்த பழைய துளை எதுவும் இல்லை. திருகாணியைச் சுற்றி மரத்தில் கறுப்பு வளையமாகத் துருக்கறை. தலை பதிந்திருந்த இடம் மட்டும் வெளிறி, சுற்றிலும் மரம் பழுத்த பழுப்பு. நான்கு கால்களிலும் இதே கோலம். மரம் பழுக்கத் தொடங்கும் முன்பே திருகாணி ஏறிவிட்டது என்று அர்த்தம். மாற்றிப் போட்டதாக இருந்தால் நான்கில் ஒன்றாவது காட்டிக்கொடுத்திருக்கும்.

அடிப்பக்கமும் முதுகும் இப்படிப் பேசுவதற்குக் காரணம் எளிமையானது, அங்கே யாரும் ஒப்பனை செய்வதில்லை. பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் செதுக்கல் இருக்காது, சுவரை ஒட்டி வைக்கப்போவதுதானே. அந்த வெறும் பலகையில் ரம்பத்தின் தடம் இருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேட வேண்டும். வில்லைப் போல வளைந்த கோடுகள் வரிசையாக இருந்தால் வட்ட ரம்பம், அதாவது இயந்திரம். ஒழுங்கில்லாத இடைவெளியில் நேர்க்கோடுகள் என்றால் கையால் அறுத்தது. ஆனால் இதை வைத்துக் குதிக்கக் கூடாது. சீனாவில் இரண்டு ஆட்கள் ரம்பத்தின் இரு முனை பிடித்து அறுப்பது 20-ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் நடந்தது.

பித்தளைத் தகடு, கீல், பூட்டு வளையம் இவற்றைப் பொருத்திய விதம் இன்னும் நல்ல சாட்சி. பழைய முறையில் திருகாணி கிடையாது. இரண்டாக மடித்த உலோகக் கம்பியைத் தகட்டின் வழியாக மரத்துக்குள் செலுத்தி, உட்பக்கம் வந்த இரண்டு கால்களையும் விரித்து மடக்கிவிடுவார்கள். அலமாரிக் கதவின் உள்பக்கத்தைத் தடவினால், மீசை முறுக்கியதுபோல அந்த இரண்டு கால்களும் விரலில் தட்டுப்படும். மூட்டுகளிலும் அப்படித்தான். ஒரு துண்டின் முனையில் கழுந்து செதுக்கி இன்னொன்றின் துளையில் இறுக்குவது சீனத் தச்சின் உயிர். அகலமான பலகையைச் சட்டத்தின் காடிக்குள் ஒட்டாமல் செருகிவிடுவார்கள். மழையில் ஊதவும் வெயிலில் சுருங்கவும் அதற்கு இடம் இருக்கும். நல்ல வேலையில் பல நூறு ஆண்டுகளாகப் பலகை வெடிக்காமல் இருப்பது இதனால்தான். அவசரமாகச் செய்த ஏற்றுமதிச் சாமானில் பலகையை நாலு பக்கமும் ஆணியால் அடித்திருப்பார்கள். நடுவில் ஒரு நீள வெடிப்பு விட்டிருக்கும், அதற்குள் மெழுகு அடைத்திருக்கும்.

வட்ட மேசை இருந்தால் ஒரு நாடா போதும். மரம் ரேகையின் நீளத்தில் சுருங்குவது சொற்பம், குறுக்கே சுருங்குவதுதான் அதிகம். முழுப் பலகையில் செய்த வட்டம் பல காலம் கழித்து லேசான முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். இரண்டு திசையிலும் அளந்து ஒரே எண் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பூச்சித் துளையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டு வெளியே வந்த துளை சிறிய வட்டமாக இருக்கும், உள்ளே அது தின்ற பாதை வளைந்து வளைந்து போகும். அந்த வளைந்த பாதை பாதியாகப் பிளந்து மேற்பரப்பில் வாய்க்கால்போல் தெரிந்தால், பூச்சி தின்ற பழைய கட்டையை அறுத்துப் புதிதாகச் செய்த சாமான் அது. மரம் பழசு, நாற்காலி நேற்றையது.

மரத்துக்கு வருவோம், இது கொஞ்சம் நீளும். எங்கள் பெட்டியின் மரம் வாசத்திலேயே தெரியும். உட்பக்கம் மெருகு பூசாமல் விட்டிருப்பார்கள், வாசம் வெளியே வந்தால்தான் அந்துப்பூச்சி அண்டாது. வாசம் மங்கியிருந்தால் உள்மூலையில் உப்புத்தாளால் ஒரு நகக்கண் அளவுக்குத் தேய்த்தால் போதும், திரும்பிவரும். கற்பூர மரம் என்றதும் பச்சைக் கற்பூரம் நினைவுக்கு வரலாம், ஆனால் அந்த மரம் வேறு. சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளரும் அதைத் தேடித் தமிழ் வணிகர்கள் போயிருக்கிறார்கள். சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்தருகே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் பெயரோடு கிடைத்திருக்கிறது. சீனப் பெட்டியின் மரமோ நம் சமையலறைப் பட்டைக்குச் சொந்தக்கார மரம்.

சோபா, நாற்காலி, மேசை என்றால் பெரும்பாலும் கறுத்த கடின மரம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பெரானாக்கான் சீனர் (பல தலைமுறையாக அங்கேயே குடியிருந்து மலாய்ப் பழக்கங்களோடு கலந்தவர்கள்) வீடுகளில் முத்துச்சிப்பி பதித்து, இருக்கையில் சலவைக்கல் வைத்த தொகுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பினாங்கில் 'கப்பித்தான்', அதாவது சீனச் சமூகத் தலைவர், என்ற பட்டம் பெற்ற சுங் கெங் குவீ 1890களில் கட்டிய மாளிகை இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒரு மதியம் அங்கே சுற்றினால் நல்ல வேலை எது, கடைச் சரக்கு எது என்று கண் தானாகப் பழகிவிடும். சிப்பியா பிளாஸ்டிக்கா என்ற சந்தேகத்துக்குக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம். சிப்பி சில்லென்று இருக்கும்.

விற்பவர்கள் எல்லாவற்றுக்கும் "ரோஸ்வுட்" என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் எத்தனையோ மரம் ஒளிந்திருக்கிறது. இந்தக் குழப்பத்துக்காகவே சீனா 2000-இல் 'ஹோங்மு', அதாவது சிவப்பு மரம், என்ற பெயருக்கு ஒரு தேசியத் தரம் வகுத்து 33 மர இனங்களைப் பட்டியலிட்டது. 2017-இல் அதை 29 ஆகக் குறைத்தது. அந்தப் பட்டியலில் முதல் மரியாதை 'ட்ஸிதான்' என்னும் மரத்துக்கு. சிங் அரசவை விரும்பிச் சேர்த்த மரம், தண்ணீரில் போட்டால் மூழ்கும். அதன் சீவல் தண்ணீரில் அவ்வளவாகச் சாயம் விடாது, சாராயத்தில் போட்டால் சிவந்து கரையும். இன்றைய தரத்தின்படி அந்தப் பெயருக்கு உரியது ஒரே ஒரு இனம்தான். அது நம் செம்மரம். திருப்பதிக்கு மேலே சேஷாசலம், கடப்பா, சித்தூர் பக்கக் காடுகளிலும், கொஞ்சம் தமிழ்நாட்டிலும் தவிர இயற்கையில் வேறெங்கும் அது வளர்வதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 மரம் வெட்டும் தொழிலாளர்கள் இறந்தார்கள். அரண்மனை நாற்காலியின் மெருகைப் பற்றி யாராவது சிலாகிக்கும்போது எனக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. உங்கள் வீட்டில் இருப்பது ட்ஸிதானாக இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

செதுக்கிய உருவங்கள் பெரும்பாலும் வயதைச் சொல்லா, ஆனால் எதற்காகச் செய்தது என்று சொல்லும். அவற்றில் பாதி சிலேடை. சீன மொழியில் வௌவாலும் நல்வாழ்வும் 'ஃபூ' என்றே ஒலிக்கும், அதனால் நமக்கு அபசகுனமான வௌவால் அங்கே ஐந்தைந்தாகப் பறக்கும். மீனும் மிச்சமும் 'யூ', பூச்சாடியும் அமைதியும் 'பிங்'. மாதுளை பிளந்து முத்துத் தெரிந்தால் பிள்ளைச் செல்வம், பீச் பழம் என்றால் நீண்ட ஆயுள். ஒரே எழுத்து இரட்டையாக ஒட்டி நிற்கும் 'இரட்டை மகிழ்ச்சி' சின்னம் இருந்தால் கல்யாணச் சீர். எங்கள் பெட்டியில் இவை எதுவுமே இல்லை. படகு, பாலம், குடை எல்லாம் வெளியாருக்கான சுற்றுலாக் காட்சி. டிராகனின் நகத்தை எண்ணி "ஐந்து நகம், அரச பரம்பரை" என்று மகிழ்பவர்கள் உண்டு. ஐந்து நகம் பேரரசர் குடும்பத்துக்கு என்ற கட்டுப்பாடு உண்மைதான். ஆனால் 1912-இல் முடியாட்சி போனபின் கேட்க ஆளில்லை. சந்தைச் சாமானில் ஐந்து நகம் இருந்தால் நான் 1912-க்குப் பிறகு என்றே தொடங்குவேன்.

அப்புறம், சீனம் என்று வீட்டில் சொல்வதெல்லாம் சீனமா என்பதும் பார்க்க வேண்டியது. முதுகிலும் கையிலும் டிராகன் புடைத்து நிற்கும் கரும்பூச்சு நாற்காலிகள் பல, 1880களிலிருந்து மேற்கத்தியருக்காக ஜப்பானில் செய்தவை, அந்த டிராகனுக்குப் பெரும்பாலும் மூன்று நகம். சிப்பி பதித்த வேலை வியட்நாமிலும் உண்டு. கன்னங்கரேலென்று இலை, பூ செதுக்கிய கருங்காலி நாற்காலி என்றால் இலங்கையின் காலி நகரத்தையும் நினைக்க வேண்டும்.

முத்திரைகள் அரிதாகக் கிடைக்கும், கிடைத்தால் அருமையானவை. அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1891-இல் அமலுக்கு வந்தது. ஆங்கிலத்தில் 'சைனா' என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிறகு. முத்திரை இல்லாததால் அதற்கு முந்தியது என்று சொல்ல முடியாது, வேறு நாட்டுக்குப் போனதற்கும் பயணி கையோடு எடுத்துப்போனதற்கும் அந்தச் சட்டப்படி முத்திரை தேவையில்லை. கொரியப் போர் மூண்டபின், 1950 டிசம்பர் முதல் 1971 வரை, சீனச் சரக்கை அமெரிக்கா உள்ளே விடவில்லை. அந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்க வீடுகளுக்குப் போன பெட்டிகளில் 'ஹாங்காங்' என்ற பெயர் அடிக்கடி தென்படுவதற்கு இது ஒரு காரணம்.

ஆய்வகத்துக்கு அனுப்பலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்பன் கணிப்பு மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லும், தச்சன் உளி பிடித்த நாளைச் சொல்லாது. அதோடு 1650-க்கும் 1950-க்கும் இடையில் அதன் பதில் மழுப்பலாக வரும், நமக்கு வேண்டிய காலம் முழுக்க அதற்குள்தான். 1950களின் நடுவிலிருந்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியதால், அதற்குப் பின் வளர்ந்த மரத்தை மட்டும் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அங்கேயும் புதுசுதான் மாட்டுகிறது.

விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ நினைத்தால் வயது சட்ட விஷயமும் ஆகிவிடும். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய கைவினைப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. அது எந்த நாட்டில் செய்தது என்பது கணக்கில்லை. நூறுக்குள் என்றால் தொல்பொருள் ஆய்வுத் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்கலாம். ஈட்டி இனத்து மரங்கள் 2017 முதல் மொத்தமாகப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் வந்துவிட்டதால் மரத்தின் பெயரும் கேட்பார்கள். இதற்கெல்லாம் முன்னால், தயவுசெய்து பாலிஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள். மேல் அழுக்கைச் சுரண்டினால் மதிப்பும் போகும், மேலே சொன்ன தடயங்களில் பாதியும் போகும்.

எங்கள் பெட்டிக்கு வருகிறேன். கவிழ்த்த பெட்டியை நிமிர்த்தி உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்தோம். மேல்தட்டைத் தூக்கினால் அடியில் விரித்த செய்தித்தாள், பழுப்பேறி ஒட்டிக்கிடந்தது. மலாயாவில் வந்துகொண்டிருந்த தமிழ் நேசன், 1958-ஆம் ஆண்டுத் தாள். பக்கவாட்டில் கைப்பிடிக்குக் கீழே கப்பல் கம்பெனிச் சீட்டு, பாதி கிழிந்தது. 'பயணத்தில் தேவையில்லை' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டது, அடித்தளச் சரக்கறைக்குப் போகும் சாமானில் ஒட்டுவது. பெரியப்பா ஊர் திரும்பியது 1961-இல் என்று பாஸ்போர்ட்டில் இருக்கிறது. ப்ளைவுட், ஸ்டார் ஸ்க்ரூ, சுற்றுலாக் காட்சி, 1958-ஆம் ஆண்டுத் தாள் எல்லாவற்றையும் கூட்டினால், போருக்குப் பிறகு, 1950களில், அநேகமாக ஹாங்காங்கில் செய்து பினாங்குக் கடைக்கு வந்த பெட்டி.

பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் தாளை மடித்து உள்ளேயே வைத்தார். "கல்யாணமாகி மூணாவது வருசம் வாங்கினது, கூடப் போனவளே நான்தான். விலை பேசினதும் நான்தான்" என்றார். அப்படியென்றால் இத்தனை காலம் இருநூறு வருடம் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "உங்க பெரியப்பா சொன்னாரு, சொல்லிட்டுப் போறாருன்னு விட்டுட்டேன்" என்றபடி புடவைகளை அடுக்க ஆரம்பித்தார்.